ஓய்வுக்குப் பின் யார் பார்ப்பார்கள்?

ஓய்வு பெற்றவர் என்றதும் பென்ஷன் புத்தகத்தோடு வங்கிக்குப் போகிறவர்தான் நம் நினைவுக்கு வருகிறார். சிவகிரி வட்டாரத்தில் நம் தெருக்களில் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர்? நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர்கள், ராஜபாளையம் நூற்பாலைகளில் வேலை பார்த்தவர்கள், குப்பை வண்டி தள்ளியவர்கள்தானே அதிகம்! உடம்பு ஓய்ந்த நாள்தான் அவர்களுக்கு ஓய்வு நாள். அதன்பின் வரும் ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஆடும் போகிறது, காதில் கிடந்ததும் போகிறது.

இவர்களுக்கும் அரசுக் காப்பீடு உண்டு. எது தமக்குரியது என்று தெரியாததே பாதி இழப்பு.

பேரூராட்சியில் நிரந்தரத் தூய்மைப் பணியாளராக இருந்து ஓய்வூதியம் பெறுகிறவர்கள், மாநில அரசின் ஓய்வூதியர் மருத்துவக் காப்பீட்டில் வருகிறார்கள். 2022 ஜூலை 1 முதல் நான்காண்டுகளுக்கு என வந்த திட்டம் இது. மாதம் 497 ரூபாய் பிடித்தம்; கணவன் அல்லது மனைவிக்கும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. பிடித்தம் செய்யப்படுவதே தெரியாமல், கையிலிருந்து பணம் கட்டி வைத்தியம் பார்ப்பது என்ன நியாயம்?

ஆலையில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்ததா? குறைந்தது ஐந்தாண்டு அப்படி வேலை பார்த்து, வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் தனக்கும் துணைக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவம் தொடரும். அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வகித்தபோதுதான், 1944இல், இதற்கு அடித்தளமிட்ட அடார்கர் அறிக்கை வந்தது. 1948இல் அது சட்டமானது. அந்த உரிமையை 120 ரூபாய் கட்டத் தெரியாமல் நாம் இழக்கலாமா?

இரண்டும் இல்லாத விவசாயக் கூலிகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குக் கிடைக்கும். குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் வேண்டும். சேர்க்கப்பட்ட மருத்துவமனை பணம் கேட்டால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் செய்யலாம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளுக்கு இந்த அட்டை உதவாது. அவற்றை 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே பெறலாம்.

ஆனால் சான்றுக்கு ஓர் அலுவலகம், பதிவுக்குத் தென்காசி ஆட்சியர் அலுவலகம் என்று அலைய வேண்டியிருக்கிறது. மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகையில் வாழும் மூதாட்டிக்குப் பேருந்துச் செலவே பாரம். கூட்டிப் போகிற மகனுக்கு ஒரு நாள் கூலி போகிறது. ஆகவே பலர் நோய் வந்த பிறகுதான் அட்டையைத் தேடுகிறார்கள்.

மாவட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்பது இதுதான்: சிவகிரி வட்டத்தின் ஒவ்வொரு ஆதிதிராவிடர் குடியிருப்பிலும், கூலி வேலை முடியும் மாலை நேரத்தில், கிராம நிர்வாக அலுவலரும் பதிவு இயந்திரமும் ஒன்றாக வரும் முகாம் நடத்துங்கள். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் ஒவ்வொருவருக்கும் இ.எஸ்.ஐ. பிடிக்கப்படுகிறதா என்று பாருங்கள்.

மாணவர்களே, இன்று மாலை உங்கள் தாத்தா பாட்டியிடம் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வருமானச் சான்றுக்கு நீங்களே விண்ணப்பியுங்கள். ஊரின் வயலையும் தெருவையும் காத்த கைகளுக்கு இது நாம் திருப்பிச் செலுத்தும் கடன்.