சாக்குத் துணியில் தைத்த கேள்வி



1973 செப்டம்பர் 11 அன்று சிலியில் தளபதி பினோசேயின் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அது இழுத்துச் சென்ற பலர் வீடு திரும்பவே இல்லை. தேடி அலைந்து களைத்த சான்டியாகோ நகரத்துத் தாய்மார்களும் மனைவியரும் ஊசியும் நூலும் எடுத்தார்கள். சாக்குத் துணியை விரித்து, ஒட்டுத்துணிகளை அதன்மேல் வைத்துத் தைத்தார்கள். ‘அர்பியேரா’ என்பது அந்தத் துணிச்சித்திரத்தின் பெயர்.

மேலே ஆண்டிஸ் மலை, பக்கத்தில் மஞ்சள் சூரியன். கீழே விரல் உயரத்தில் துணிப் பொம்மைப் பெண்கள்; அவர்கள் கையில் ‘எங்கே அவர்கள்?’ என்ற பதாகை. காணாமல் போனவரின் உடுப்பிலிருந்தே துணி வெட்டிச் சேர்த்தவர்களும் உண்டு. கணவனின் சட்டையில் கத்தரி வைக்க எத்தனை நெஞ்சுரம் வேண்டும்!

திருச்சபையின் மனித உரிமை அமைப்பு அவற்றை வாங்கி வெளிநாடுகளுக்கு அனுப்பியது. அந்தக் காசில் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது. தணிக்கைக்கு உள்ளான பத்திரிகைகள் எழுத முடியாததை உலகம் துணியில் படித்தது.

இந்தத் துணிச்சித்திரங்களை வண்ணத்தில் அச்சிட்டு, விரிவான கட்டுரை ஒன்றை உங்கள் இதழ் வெளியிட வேண்டும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை ஏந்தி 2017 முதல் போராடும் இலங்கையின் கிளிநொச்சி அம்மாக்களின் கைக்கும் அந்த இதழ் போய்ச் சேரட்டும்.

— ஒரு வாசகி, திருச்சி