ஏற்றத்தில் திணறும் பழைய டீசல் பிக்கப்: பம்ப்பைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: ''எங்கள் குடும்பத்தில் 2009-ம் ஆண்டு மாடல் டீசல் பிக்கப் வண்டி இருக்கிறது. கத்திரி, வெண்டை, சின்ன வெங்காயம் ஏற்றிக்கொண்டு பாவூர்சத்திரம் சந்தைக்கும், ஓணம் நேரத்தில் புளியரை வழியாகக் கேரளாவுக்கும் போய் வருகிறோம். சாரல் தொடங்கியதிலிருந்து காலையில் லேசில் ஸ்டார்ட் ஆவதில்லை. லோடுடன் புளியரை எஸ் வளைவு ஏறும்போது இழுவை இல்லை. சில நாள் நடுவழியில் நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் கழித்துப் போட்டால் ஓடுகிறது. 'பம்ப் போய்விட்டது, மாற்ற வேண்டும்' என்கிறார்கள். செலவைக் கேட்டால் ஒரு போகத்து வருமானம் போய்விடும் போலிருக்கிறது. பம்ப்பை மாற்றலாமா, வண்டியை விற்றுவிடலாமா?''

- வாசகர், தென்காசி மாவட்டம்.

பதில்: இரண்டும் இப்போது வேண்டாம். வாசகர் சொல்லும் மூன்று அறிகுறிகளும் பெரும்பாலும் பம்ப்புக்கு முன்னால் இருக்கும் பாகங்களின் கோளாறுகள். இரவு முழுக்க நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்தால், டீசல் லைனில் காற்று புகுந்திருக்கலாம். லோடு ஏற்றினால் மட்டும் இழுவை குறைந்தால், பில்டர் அடைத்திருக்கலாம். ஓடிக்கொண்டே நின்று, சற்று நேரம் கழித்து ஓடினால், டேங்க்கில் அழுக்கோ, டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைப்போ இருக்கலாம். இவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவு சில பில்டர்கள், கொஞ்சம் ரப்பர் குழாய், சில காப்பர் வாஷர்கள். இதையெல்லாம் பார்த்த பிறகும் கோளாறு நீங்காவிட்டால்தான் பம்ப்பின் பக்கம் போக வேண்டும்.

இங்கே சொல்பவை காமன் ரெயில் வராத, பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளுக்கு மட்டுமே. இன்ஜெக்டர்களின் தலையில் மின் ஒயர் இணைப்பு இருந்தால் அது காமன் ரெயில். அதன் உயர் அழுத்த பைப் நட்டுகளில் ஸ்பானர் வைக்கவே கூடாது.

டீசல் போகும் பாதை

டேங்க்கிலிருந்து டீசலை ஃபீட் பம்ப் உறிஞ்சுகிறது. அது பில்டர்கள் வழியாக இன்ஜெக்‌ஷன் பம்ப்புக்குப் போகிறது. அங்கிருந்து உயர் அழுத்தத்தில் இரும்புக் குழாய்கள் வழியாக நாசில்களுக்குப் போய், இன்ஜினுக்குள் பனிபோல் தெளிக்கப்படுகிறது. மிச்ச டீசல் ரிட்டர்ன் லைன் வழியாக டேங்க்குக்குத் திரும்புகிறது.

ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் இந்த வகை பம்ப்பை 1927-ல் தொழிற்சாலையில் தயாரிக்கத் தொடங்கியது. இந்தியாவில் 1951-ல் பெங்களூரில் தொடங்கிய 'மைக்கோ' நிறுவனம் இதைத் தயாரித்தது. 2008-ல் அதன் பெயர் பாஷ் லிமிடெட் என்று மாறியும், பட்டறைகளில் இன்றும் 'மைக்கோ பம்ப்' என்பதுதான் பேச்சு. அதன் உள்ளே பிளஞ்சருக்கும் பேரலுக்கும் இடையே இருக்கும் இடைவெளி சில மைக்ரான்கள்தான். தலைமுடியின் பருமனில் பல பங்கு குறைவு. அதனால்தான் ஒரு துளி தண்ணீரும் சிறு மணல் துகளும் அதற்கு எமன். அதனால்தான் அதை மரத்தடியில் வைத்துப் பிரிக்கவும் கூடாது.

சாரல் காலத்தில் ஏன் அதிகம்?

குற்றாலம், செங்கோட்டை, தென்காசி வட்டாரத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்றில் ஈரம் அதிகம். பாதி டேங்க் டீசலுடன் இரவு நிற்கும் வண்டியில், மீதிப் பாதி ஈரக் காற்றால் நிரம்பியிருக்கும். இரவுக் குளிரில் அந்த ஈரம் டேங்க்கின் உட்சுவரில் வியர்த்து, தண்ணீராக அடியில் சேரும். டேங்க் மூடியின் ரப்பர் கிழிந்திருந்தால் மழைத் தண்ணீரும் சேர்ந்துகொள்ளும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து, கறுப்பு நிறத்தில் வழுவழுப்பான கசடு உண்டாகும். பில்டரை அடைப்பது பல வண்டிகளில் இந்தக் கசடுதான்.

சோதிப்பது எளிது. இரவு முழுக்க அசையாமல் நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் டேங்க்கின் அடித் திருகையும், பில்டரின் அடித் திருகையும் தளர்த்தி, கால் லிட்டர் டீசலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடிக்க வேண்டும். கால் மணி நேரம் வைத்தால் தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். தண்ணீரோ கறுப்புக் கசடோ தெரிந்தால், டேங்க்கை இறக்கி முழுவதும் கழுவி, உலர்த்திய பிறகே புது பில்டர் போட வேண்டும். டேங்க்கைக் கழுவாமல் பில்டரை மட்டும் மாற்றினால், சில நாட்களில் பழைய கதைதான்.

டேங்க்கா, பம்ப்பா? கேன் சோதனை

சுத்தமான 5 லிட்டர் கேனில் வடிகட்டிய டீசல் எடுத்து, பம்ப்பைவிட உயரமான இடத்தில் ஆடாமல் கட்டி வைக்க வேண்டும். டேங்க்கிலிருந்து ஃபீட் பம்ப்புக்கு வரும் குழாயைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து ஒரு குழாயை ஃபீட் பம்ப்பில் இணைக்க வேண்டும். காற்றை எடுத்துவிட்டு, ரிட்டர்ன் லைனை டேங்க்குக்கே விட்டு, வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். கேன் இணைத்தபடி சாலையில் ஓட்டக் கூடாது. கோளாறு நீங்கினால், குற்றம் டேங்க்கிலோ அதன் குழாயிலோதான். நீங்காவிட்டால், அடுத்தது பில்டர். பில்டரும் புதிதாக இருந்து கோளாறு நீடித்தால் மட்டுமே ஃபீட் பம்ப், இன்ஜெக்‌ஷன் பம்ப், நாசில்.

நடுவழியில் நின்றால்

வண்டி நின்றவுடன் முதலில் டேங்க் மூடியைத் திறக்க வேண்டும். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. டீசல் குறையக் குறைய உள்ளே காற்று போக வழியில்லாததால் பம்ப்பால் உறிஞ்ச முடியவில்லை. துளையைச் சுத்தம் செய்தால் போதும்.

சத்தம் இல்லையென்றால், கைப் பம்ப்பை (பிரைமர்) அமுக்கிப் பார்க்க வேண்டும். அமுக்கிய பம்ப் மேலே எழும்ப நேரமெடுத்தால், டேங்க் பக்கம் அடைப்பு. டேங்க்குக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயின் சல்லடையில் இலை, துணி நூல், கசடு மாட்டியிருக்கும். இன்ஜின் நின்றதும் உறிஞ்சும் வேகம் இல்லாததால் அது தானாக விலகும். அதனால்தான் அரை மணி கழித்து வண்டி ஓடுகிறது. எவ்வளவு அடித்தாலும் பிடிப்பே இல்லாமல் கைப் பம்ப் தொளதொள என்றிருந்தால், காற்று புகுகிறது.

உண்மையாகவே தேய்ந்த பம்ப்புக்கு அறிகுறி வேறு. காலையில் நன்றாக ஸ்டார்ட் ஆகும். சூடான பிறகு நிறுத்தினால் ஸ்டார்ட் ஆகாது. சூட்டில் டீசல் இளகி, தேய்ந்த இடைவெளி வழியாக நழுவிவிடுகிறது. இன்ஜின் நின்ற நிலையில் ஈரத் துணியைப் பம்ப்பின் மேல் சற்று நேரம் போட்டு, குளிர்ந்தபின் உடனே ஸ்டார்ட் ஆனால், பம்ப் தேய்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். சூடான பம்ப்பில் தண்ணீரைக் கொட்டக் கூடாது.

காற்று எங்கே புகுகிறது?

டேங்க்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் இடைப்பட்ட பகுதி உறிஞ்சும் பகுதி. அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாமலும் போகலாம். காற்றுதான் உள்ளே போகும். 'எங்கேயும் ஒழுகவில்லை, அதனால் காற்று புகவில்லை' என்று நினைப்பது இதனால்தான் தவறு. ஃபீட் பம்ப்புக்கு முன்னால் ஓர் அடி நீளத்துக்கு, டீசல் தாங்கும் கண்ணாடிபோன்ற குழாயைத் தற்காலிகமாகப் போட்டு இன்ஜினை ஓடவிட்டால், குமிழ்கள் ஓடுவது கண்ணுக்கே தெரியும். வெடித்த ரப்பர் குழாய், தளர்ந்த கிளிப், நசுங்கிய காப்பர் வாஷர், பில்டர் கிண்ணத்தின் பழைய ரப்பர் வளையம் ஆகிய நான்கையும் மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஒவ்வொரு முறை போல்ட்டைக் கழற்றும்போதும் புது காப்பர் வாஷர் போடுவது நல்லது.

ஏர் எடுக்கும் முறை

பில்டர் மாற்றியபின் பில்டர் தலையிலுள்ள ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, குமிழில்லாத டீசல் வரும்வரை கைப் பம்ப்பை அடிக்க வேண்டும். டீசல் வழிந்துகொண்டிருக்கும்போதே ஸ்குரூவை இறுக்க வேண்டும். அடுத்து இன்ஜெக்‌ஷன் பம்ப்பின் ஏர் ஸ்குரூவிலும் இதையே செய்ய வேண்டும். பிறகும் ஸ்டார்ட் ஆகாவிட்டால், நாசில் பக்கத்துப் பைப் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, டீசல் எட்டிப் பார்க்கும்வரை செல்ஃப் போட்டுவிட்டு இறுக்க வேண்டும். செல்ஃப் மோட்டாரை ஒரே மூச்சில் 10 விநாடிக்கு மேல் சுற்றக் கூடாது. ஒரு நிமிடம் இடைவெளி விட வேண்டும்.

திருகிப் பூட்டும் வகைப் புது பில்டரில் டீசல் நிரப்பிப் பூட்டுபவர்கள், நடுத் துளை வழியாக ஊற்றக் கூடாது. அது வடிகட்டிய டீசல் வெளியேறும் வழி. அதில் ஊற்றினால் அழுக்கு நேராகப் பம்ப்புக்குப் போகும். சுற்றியுள்ள சிறு துளைகள் வழியாகத்தான் ஊற்ற வேண்டும்.

புகையும் சத்தமும்

கறுப்புப் புகை என்றால் முதலில் ஏர் பில்டரைப் பார்க்க வேண்டும். அது சுத்தமாக இருந்தும் புகைந்தால் நாசில் சொட்டலாம் அல்லது பம்ப் அதிக டீசல் தள்ளலாம். காலையில் வெள்ளைப் புகையும் டீசல் நெடியும் இருந்தால் நாசில், டைமிங், ஹீட்டர் பிளக் மூன்றையும் சோதிக்க வேண்டும். வெள்ளைப் புகையுடன் ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால், அது டீசல் கோளாறே அல்ல. ஹெட் கேஸ்கட்டாக இருக்கலாம். நீலப் புகை இன்ஜின் ஆயில் எரிவதைக் காட்டும். ஆயில் அளவுக் கம்பியில் மட்டம் கூடி, டீசல் நெடி அடித்தால் உடனே வண்டியை நிறுத்த வேண்டும். ஆயிலில் டீசல் கலந்தால் பேரிங் போய்விடும்.

வண்டி மிஸ் அடித்தால், மெதுவாக ஓடும்போது நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாக, துணி சுற்றி, அரைச் சுற்று தளர்த்த வேண்டும். நல்ல சிலிண்டர் என்றால் இன்ஜின் சத்தம் தடுமாறும். தளர்த்தியும் சத்தம் மாறாவிட்டால் அந்தச் சிலிண்டரில்தான் கோளாறு. அதன் நாசிலை மட்டும் சோதனைக்குக் கொண்டு போகலாம்.

எச்சரிக்கை: நாசிலைக் கழற்றி வெளியே தெளிக்கவிட்டு, கையை நீட்டிப் பார்க்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே ஊசி குத்தியதுபோல் சிறு புள்ளிதான் தெரியும். முதலில் வலிகூட இருக்காது. ஆனால், உள்ளே சதை அழுகி விரலையோ கையையோ இழக்க நேரும். அப்படி நடந்தால் மஞ்சள் தடவிக் காத்திருக்காமல், அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு அன்றே, அப்போதே போக வேண்டும்.

பம்ப் கடைக்கு எப்போது?

இவ்வளவும் பார்த்தபின்னும் கோளாறு இருந்தால், சோதனை பெஞ்ச் வைத்திருக்கும் பம்ப்-நாசில் கடைக்குப் போகலாம். முதலில் நாசில்களைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். பம்ப்பைக் கழற்றும் முன், பம்ப் விளிம்பிலும் இன்ஜினிலும் சேர்த்து ஒரு கோடு கீறிக்கொண்டால், திரும்பப் பூட்டும்போது டைமிங் தவறாது. பெஞ்ச்சில் ஓட்டும்போது வண்டிக்காரர் கூட இருந்து பார்ப்பது நல்லது. மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். 'புது பம்ப்' என்றால் ரசீதுடன் வாங்க வேண்டும். 8 ஆண்டுகளைத் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டியிருப்பதால், அதற்கு முன்பே புகைக் கோளாறைச் சரிசெய்துகொள்வது அலைச்சலைக் குறைக்கும்.

இனி வராமலிருக்க, சாரல் காலத்தில் மாலையிலேயே டேங்க்கை முக்கால் அளவுக்கு மேல் நிரப்பி வைக்க வேண்டும். வாரம் ஒருமுறை பில்டர் தண்ணீரை வடிக்க வேண்டும். காகித பில்டரைக் கழுவித் திரும்பப் போடக் கூடாது. கூடுதலாக ஒரு செட் பில்டர், வாஷர், ஸ்பானர் வண்டியிலேயே இருக்கட்டும். ஓண லோடு தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே இந்த வேலைகளை முடித்துவிட்டால், புளியரை ஏற்றத்தில் காய் வாடாது.

கேள்வி: ''பழைய வண்டிக்கு இப்போதைய பி.எஸ்-6 டீசல் ஒத்துக்கொள்ளுமா? ஆயில் கலக்க வேண்டுமா?''

- வாசகர், கடையநல்லூர்.

பதில்: 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க பி.எஸ்-6 டீசல்தான். இதில் கந்தகம் 10 பி.பி.எம். அளவுக்குள், அதற்கு முந்தைய பி.எஸ்-4 டீசலில் 50 பி.பி.எம். கந்தகத்தை நீக்கும்போது டீசலின் வழவழப்புத் தன்மை குறையும். அதை ஈடுகட்டும் பொருளைச் சேர்த்துத்தான் எண்ணெய் நிறுவனங்கள் விற்பனைக்கு அனுப்புகின்றன. எனவே, ஆயில் கலக்கத் தேவையில்லை. பழைய இன்ஜின் ஆயிலைக் கலந்தால் அதிலுள்ள இரும்புத் துகளும் கரியும் பில்டரையும் நாசிலையும் கெடுக்கும். மண்ணெண்ணெய் கலந்தால் பம்ப்புக்கு வேண்டிய பசை குறைந்து, சீக்கிரம் தேயும். டீசலின் மேல் சந்தேகம் இருந்தால், பங்க்கிலேயே அடர்த்திச் சோதனை செய்து காட்டச் சொல்லலாம்; அது வாடிக்கையாளர் உரிமை.

கேள்வி: ''தோட்டத்துக்குக் கேனில் டீசல் வாங்கி வைக்கிறோம். எப்படி வைக்க வேண்டும்?''

- வாசகர், செங்கோட்டை.

பதில்: துத்தநாகம் பூசிய தகர டிரம் வேண்டாம். துத்தநாகம் டீசலுடன் சேர்ந்து பில்டரை அடைக்கும் கசடை உண்டாக்கும். எரிபொருளுக்கென்றே உள்ள பிளாஸ்டிக் கேனோ, பூச்சில்லாத இரும்புக் கேனோ போதும். நிழலில், மூடி இறுக்கி வைக்க வேண்டும். ஊற்றும் முன் ஒரு நாள் அசையாமல் வைத்து, அடியில் உள்ள இரண்டு விரற்கடை டீசலை விட்டுவிட்டு, மேலே உள்ளதை மட்டும் சல்லடை வைத்த புனல் வழியாக ஊற்ற வேண்டும். மோட்டார், ஸ்பிரேயர், வண்டி எல்லாவற்றுக்கும் ஒரே கேனைப் பயன்படுத்துபவர்கள், அதில் பூச்சிமருந்தோ தண்ணீரோ ஒருமுறைகூடப் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.