விலைப்பட்டியலின் இரண்டாம் பக்கம்

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில், எமக்கு நன்கு அறிமுகமான தந்தையொருவர் எமது இல்லம் தேடி வந்தார். கையில் நாலாக மடித்த கடதாசியொன்று இருந்தது. "மாஸ்ரர், இதை ஒருக்கால் வாசிச்சுச் சொல்லுங்கோ. மகன் கார் எடுக்கப் போறானாம். என்னைப் பிணைக்குக் கையெழுத்து வைக்கச் சொல்லுறான். முன்பக்கத்திலை ஒரு விலை கிடக்கு, பின்பக்கத்திலை வேறை விலை கிடக்கு" என்றார்.

முன்பக்கத்தில் இருந்தது விளம்பரத்தில் வந்த விலை. பின்பக்கத்திலோ 'விருப்பத் தேர்வுகள்' என்ற தலைப்பின் கீழ் ஐந்து வரிகள். மினுங்கும் வண்ணப் பூச்சுக்கு 650 பவுண். பெரிய அலோய் றிம்களுக்கு 800 பவுண். சூடேறும் முன்னாசனங்களுக்கு 350 பவுண். மேம்பட்ட ஒலிபெருக்கிகளுக்கு 350 பவுண். மேலதிகச் சில்லுக்கு 150 பவுண். ஆக மொத்தம் 2,300 பவுண். இதனை 48 மாதங்களாகப் பிரித்தால் மாதமொன்றுக்கு ஏறத்தாழ 48 பவுண். வட்டி இதற்குப் புறம்பு. விற்பனையாளர் 2,300 என்ற எண்ணை ஒரு தடவையேனும் வாயால் உச்சரிக்கவில்லையாம். "மாதம் ஐம்பது பவுண்தானே" என்றே சொன்னாராம்.

மகன் வாங்க விரும்பியது இங்கு 'ஹொட் ஹச்' என்று அழைக்கப்படும் வகையைச் சேர்ந்த கார். குடும்பத்திற்கு உதவும் சிறிய ஐந்து கதவு அல்லது மூன்று கதவுக் காருக்கு வலுக்கூடிய இயந்திரத்தையும் இறுக்கமான சில்லுத் தொங்கலையும் பொருத்தினால் கிடைப்பது அது. இத்தகைய கார் மீது எம் இளைஞர் கொள்ளும் ஆசையைப் பழிப்பது எமது நோக்கமன்று. உழைக்கும் பிள்ளை தன் உழைப்பில் ஒரு பொருளை விரும்புவதில் குற்றமில்லை. ஆனால் எந்தப் பொருளுக்கு எவ்வளவு கொடுக்கின்றோம் என்பதை அறிந்து கொடுப்பதே விவேகம்.

இவ்வகைக் கார்களுள் பெயர்பெற்ற முன்னோடி ஜேர்மனியின் வொக்ஸ்வாகன் நிறுவனம் 1975ஆம் ஆண்டு பிராங்பேர்ட் கண்காட்சியில் வைத்து, மறு ஆண்டு விற்பனைக்கு விட்ட கோல்ஃப் ஜி.ரி.ஐ. ஆகும். 1.6 லீற்றர் இயந்திரம், 110 குதிரைவலு. ஐயாயிரம் கார்கள் விற்றாற் போதும் என்று எண்ணியே நிறுவனத்தார் தொடங்கினர். முதல் தலைமுறையில் மட்டும் நான்கு இலட்சத்து அறுபதினாயிரத்திற்கு மேற்பட்டவை விற்பனையாகின. அந்தக் காரின் உட்புறத்தை இன்றும் மக்கள் நினைவில் வைத்திருப்பதற்குக் காரணம் கூன்ஹில்ட் லில்யெக்விஸ்ட் என்னும் பெண்மணி. பீங்கானில் ஓவியம் தீட்டும் தொழிலைக் கற்றவர் அவர். லண்டனிற் கண்ட துணிகளின் நினைவில், எமது சாரத்தை ஒத்த கட்டம் போட்ட துணியை ஆசனங்களுக்குத் தெரிந்தெடுத்தவரும், கியர்த் தண்டின் தலையில் கோல்ஃப் பந்தை வைத்தவரும் அவரே. தோலோ தங்க முலாமோ அங்கு இல்லை. துணியும் ஒரு பந்தும் ஒரு நல்ல எண்ணமும் போதுமானவையாயின. உட்புறத்தின் தரம் என்பது விலையுயர்ந்த பொருளை அப்புவதில் இல்லை என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

பின்னர் 1984இல் பிரான்சிலிருந்து பெஜோ 205 ஜி.ரி.ஐ. வந்தது. 1986இல் வந்த அதன் 1.9 லீற்றர் வகைக்கு ஆசனங்களின் ஓரங்கள் தோலாலானவை. ஓட்டத்தில் அதனைப் புகழாதார் இல்லை. ஆனால் உள்ளிருந்த பிளாஸ்ரிக்கின் மெலிவையும் கடகடப்பையும் குறை கூறாதாரும் இல்லை. இவ்வகைக் கார்களின் பொது இலக்கணம் அதுவே. மலிந்த விலையில் இயந்திரத்திற்கும் தடுப்புகளுக்கும் பணத்தைச் செலவிட்டால், எங்கோ ஓரிடத்தில் அதனை மிச்சம் பிடித்தாக வேண்டும். மிச்சம் பிடிக்கும் இடம் பெரும்பாலும் உட்புறமே. மிச்சம் பிடித்ததை மறைக்க உதவுவது விருப்பத் தேர்வுப் பட்டியல்.

அண்மைக்கால உதாரணங்கள் மூன்றினைப் பார்ப்போம். 2018இல் பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்த ஃபோர்ட் பியெஸ்ரா எஸ்.ரி. மூன்று படிகளாக விற்கப்பட்டது. கீழ்ப்படியின் விலை 18,995 பவுண். படி ஏற ஏறப் பெரிய றிம், தோலாசனம், சூடேறும் ஆசனம் என்று வசதிகள் கூடின. இவற்றுக்கு அப்பால் 850 பவுணுக்கு ஒரு பொதியும் இருந்தது. வளைவுகளில் ஒரு சில்லு பிடியிழந்து வீணே சுழலாமல், வலுவைப் பிடியுள்ள சில்லுக்கு அனுப்பும் டிஃபரன்சியல் அதனுள் அடங்கியது. அதே ஆண்டு வந்த சுசூகி சுவிஃப்ட் ஸ்போர்ட் 17,999 பவுண்; வழிகாட்டி உட்பட ஏறக்குறைய எல்லாமே அந்த விலையில் அடக்கம். 2021இல் வந்த ஹூண்டாய் ஐ20 என் 24,995 பவுண். டிஃபரன்சியலும் சூடேறும் ஆசனங்களும் அதில் அடக்கம். வாங்குபவர் தெரிவதற்கு வண்ணத்தைத் தவிர அதிகம் எதுவும் இருக்கவில்லை. பின்னைய இரண்டினதும் உட்புறப் பிளாஸ்ரிக் கடினமானது என்பது பலரும் கூறிய குறை. ஆக, முன்பக்க விலையை மட்டும் வைத்து இம்மூன்றையும் ஒப்பிடுபவர் ஏமாறுவார். எல்லாவற்றையும் சேர்த்த பின்னர் வரும் விலைகளையே ஒப்பிட வேண்டும்.

இனி, தேர்வுகளை நாம் மூன்று கூறுகளாகப் பிரித்துக் கொள்ளலாம்.

முதலாவது, தொழிற்சாலையில் மட்டுமே நன்கு பொருத்தக் கூடியவை. சூடேறும் ஆசனம், டிஃபரன்சியல், முன்விளக்குகளின் உயர்ந்த வகை, பாதுகாப்புச் சாதனங்கள் ஆகியன இதில் அடங்கும். இவை வேண்டுமென்றால் வாங்கும்போதே வாங்க வேண்டும். இரண்டாவது, வெளியிற் குறைந்த விலைக்குக் கிடைப்பவை. தரை விரிப்பு, டிக்கி விரிப்பு, கைபேசித் தாங்கி, வண்ணத்தைக் காக்கும் மெழுகு போன்றவற்றை விற்பனை நிலையத்தில் வாங்கத் தேவையில்லை. மூன்றாவது, வயதாகித் தேய்ந்து போகும் தொழில்நுட்பம். ஒருகாலத்தில் பெரும் பணம் கொடுத்து வாங்கிய வழிகாட்டித் திரைகளின் வரைபடங்கள் இன்று பழசாகிவிட்டன. கைபேசியை இணைத்தால் அந்த வேலை இலவசமாக நடக்கின்றது.

பெரிய றிம்களைப் பற்றித் தனியே ஒரு சொல். றிம் பெருக்க ரயரின் பக்கச்சுவர் மெலியும். மெலிந்தால் வீதியின் குழிகள் நேரே முதுகெலும்பிற் பேசும். ரயர் மாற்றும்போது பணப்பையிலும் பேசும். மேலதிகச் சில்லுக்கு நாம் எதிரி அல்லோம். பல புதிய கார்களில் அதற்குப் பதிலாக ஒரு போத்தல் பசையும் சிறிய காற்றடிப்பானுமே உண்டு. பக்கச்சுவர் கிழிந்தால் அந்தப் பசை உதவாது. இரவு வேலை முடிந்து வரும் பிள்ளைக்கு ஒலிபெருக்கியிலும் பார்க்க அந்தச் சில்லே உற்ற தோழன்.

உட்புறத் தரத்தைச் சோதிக்கும் முறையும் எளியதே. டாஷ்போட்டின் மேற்பகுதியை மட்டும் தொட்டுப் பார்த்து மயங்காதீர்கள். மென்மையான பொருளை அங்குதான் வைப்பார்கள். கதவின் கீழ்ப்பகுதி, முழங்கால் தொடும் இடம், பின்னாசனக் கதவு ஆகியவற்றைத் தொடுங்கள். வழவழப்பான வீதியில் மட்டுமன்றிக் கரடுமுரடான வீதியிலும் ஓட்டிப் பாருங்கள். இறுக்கமான தொங்கல் ஒவ்வொரு தளர்ந்த ஆணியையும் பேச வைக்கும். இருபுறமும் அணைத்துப் பிடிக்கும் பந்தய ஆசனம் பத்து நிமிடம் இனிக்கும். ஒரு மணி நேரம் அமர்ந்து பார்ப்பதே பரீட்சை. மூன்று கதவுக் கார் எனில் பாட்டியைப் பின்னால் ஏற்றி இறக்கிப் பாருங்கள். கோயிலுக்கும் வைத்தியசாலைக்கும் போவதும் அதே கார்தானே.

திரையைப் பற்றியும் கூற வேண்டும். 2020இல் வந்த எட்டாம் தலைமுறைக் கோல்ஃபில் வெப்பத்தையும் ஒலியையும் கூட்டிக் குறைக்கும் தொடுபட்டைகளுக்கு இரவில் வெளிச்சம் இருக்கவில்லை. முறைப்பாடுகள் பெருகவே 2024இல் அவற்றுக்கு ஒளியூட்டினர், ஜி.ரி.ஐ. வகையின் சுக்கானில் அழுத்தும் பொத்தான்களையும் மீளக் கொண்டுவந்தனர். கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் வழங்கும் யூரோ என்கப் அமைப்பு, 2026 முதல் முழு மதிப்பெண் பெறச் சமிக்ஞை விளக்கு, ஹோர்ன், கண்ணாடித் துடைப்பான் முதலியவற்றுக்குத் தனி விசைகள் வேண்டும் என்கின்றது. பளபளக்கும் திரை தரத்தின் அடையாளமன்று என்பதை உற்பத்தியாளரே கற்றுக்கொண்டு வருகின்றனர்.

எம்மவரிற் பலர் வாங்குவது பாவித்த கார். பியெஸ்ராவின் உற்பத்தி 2023 யூலையில் நின்றுவிட்டது. ஐ20 என் ஐரோப்பியச் சந்தையை விட்டு 2024இல் விலகியது. எனவே மலிந்த ஹொட் ஹச் தேடுபவர் பெரும்பாலும் பாவித்தவற்றிலேயே தேட வேண்டியுள்ளது. இது ஒரு விதத்தில் நன்மையே. முதல் உரிமையாளர் ஆயிரக்கணக்கிற் கொடுத்த தேர்வுகளுக்கு இரண்டாம் சந்தையில் அதே பெறுமதி கிடைப்பதில்லை. அவர் கொடுத்த பணம் உங்கள் சுகமாகின்றது. எனவே ஒரே வயது, ஒரே ஓட்டமுள்ள இரண்டு கார்களுள் தொழிற்சாலைத் தேர்வுகள் நிறைந்ததைத் தெரிவு செய்யுங்கள். சாரதியாசனத்தின் கதவுப்பக்க ஓரம், சுக்கானின் மினுக்கம், மிதிகளின் இறப்பர் ஆகிய மூன்றும் காரின் உண்மையான உழைப்பைச் சொல்லும். மீற்றர் முப்பதாயிரம் மைல் காட்ட, மிதியின் இறப்பர் தேய்ந்து வழுக்கினால் விலகி வாருங்கள்.

மிகப் பழைய கார் எனில் இன்னொன்று. வழுக்கும் வேளையில் சில்லுகளைத் தனித்தனியே தடுத்துக் காரை நேர்ப்படுத்தும் மின்னணுச் சாதனம், சில சிறிய கார்களில் விருப்பத் தேர்வாகவே விற்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2014 நவம்பரிலேயே அதனை எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமாக்கியது. அதற்கு முந்திய காரில் அது உண்டா எனக் கேட்டறியாமல் வாங்காதீர்கள்.

கடைசியாக, காப்புறுதி. றிம், ஒலிபெருக்கி, இயந்திர மாற்றம் எதுவாயினும் காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லியாக வேண்டும். மறைத்தால் இழப்பீடு மறுக்கப்படவும் கூடும். அதனிலும் பெரிது, மகன் நாளாந்தம் ஓட்டும் காரைத் தந்தையின் பெயரில், தந்தையே பிரதான சாரதி என்று எழுதிக் காப்புறுதி செய்வது. பணம் மிச்சம் என்று நம் வீடுகளிற் சிலர் இதனைச் சாதாரணமாகச் செய்கின்றனர். இந்நாட்டில் அது மோசடி. நன்னடத்தையைக் காட்டிக் குடியுரிமை பெற வேண்டியவர்களாகிய நாம், சில நூறு பவுணுக்காக அப்பெயரை இழக்கலாமா?

அன்றிரவு தந்தையும் மகனும் எமது மேசையில் அமர்ந்து அந்த ஐந்து வரிகளையும் வாசித்தனர். ஆசனச் சூடும் சில்லும் நிற்க, மற்ற மூன்றையும் மகன் தானே வெட்டினான். 1,800 பவுண் குறைந்தது. வெள்ளை நிறக் கார் என்பதில் அவனுக்குச் சிறு வருத்தம்தான். காப்புறுதியைத் தன் பெயரிலேயே எழுதுவதாகவும் ஒப்புக்கொண்டான். அதன் பின்னரே தந்தை பேனாவை எடுத்தார். "மாதம் எவ்வளவு" என்று எவராவது உங்களிடம் சொன்னால், "மொத்தம் எவ்வளவு" என்று கேளுங்கள். வேறெதையும் மறந்தாலும் அந்தக் கேள்வியை உங்கள் பிள்ளைகளுக்குப் பழக்கி விடுங்கள்.