ஒரு தம்ளர் தண்ணீர்

சென்ற தை மாதம் ராஜபாளையத்தில் ஒரு சித்திரக் காட்சியின் திறப்பு விழாவுக்கு என்னை அழைத்திருந்தார்கள். கதை எழுதுகிறவனைக் கூப்பிட்டு, சால்வை போர்த்தி, சித்திரத்தைப் பற்றிப் பேசச் சொல்வது நம் பக்கத்து வழக்கம். என்னோடு வந்திருந்த இன்னொரு பிரமுகர் கலை விஷயங்களில் அபிப்பிராயம் சொல்வதையே தொழிலாகக் கொண்டவர். அவர் சுவரோரமாக மாட்டியிருந்த ஒரு சின்னப் படத்தின் முன் நின்றார். ஒரு கண்ணாடித் தம்ளர். அதில் முக்கால் வரை தண்ணீர். பின்னால் நீலக் கட்டம் போட்ட துணி. அவ்வளவுதான் படம். "தத்ரூபமாக இருக்கிறது" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்துத் தூக்கிக் காட்டி, "இதை இது ஒரு விநாடியில் செய்துவிடுமே, தம்பி! நீ எதற்கு?" என்றார்.

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

படத்தை எழுதிய பையன் எங்கள் தளவாய்புரத்துக்காரன். நைட்டி தைக்கிற ஊர் என்று எங்கள் ஊரைப் பலருக்குத் தெரிந்திருக்கும். அவனும் பகலெல்லாம் நைட்டிதான் தைக்கிறான். அந்த நீலக் கட்டத் துணி, வெட்டியதில் மிஞ்சிய துண்டு. இரவு பத்து மணிக்கு மேல் மிஷினை மூடிவிட்டு, டியூப் லைட் வெளிச்சத்தில் நாற்பது இரவுகள் உட்கார்ந்து எழுதியிருக்கிறான். பதினைந்து நாள் கழித்துத் தெருவில் பார்த்தபோது, "அடுத்து என்ன படம் தம்பி?" என்று கேட்டேன். "விட்டுட்டேன் அண்ணாச்சி" என்றான்.

அந்த மேடையில் நான் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன். வாசகர்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு, உள்ளே போய் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து எதிரே வையுங்கள். அது என்ன நிறம்?

வெளிர் நீலம் என்றால் உங்களுக்கும் ஒரு டிராயிங் மாஸ்டர் வாய்த்திருக்கிறார் என்று அர்த்தம். பையனுக்கும் ஒருவர் வாய்த்தார். சுற்றிலும் கறுப்புக் கோடு, உள்ளே வெளிர் நீலம், இடது பக்கம் மேலிருந்து கீழாக இரண்டு வெள்ளை இழுப்பு. கண்ணாடி ஆயிற்று! இந்தச் சூத்திரத்தைக் கற்றவன் ஆயிரம் தம்ளர் எழுதலாம். ஒரு தம்ளரைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. ஜன்னலே இல்லாத அறையில் உட்கார்ந்துகொண்டு, தம்ளரில் ஜன்னல் வடிவத்துக்கு வெள்ளை தீட்டுகிறவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கண்ணாடிக்கு நிறம் இல்லை. அதன் பின்னால் இருப்பதை எழுதினால்தான் கண்ணாடி வரும். துணியை முதலில் எழுத வேண்டும். பிறகு தம்ளருக்குள் அந்தத் துணி என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். துணி தம்ளரை ஒட்டி இருந்தால் கட்டங்கள் அகலமாகின்றன. எட்டத்தில் இருந்தால் இடது வலதாக மாறிவிடுகிறது. வெளிச்சமான சுவருக்கு முன்னால் தம்ளரை வைத்தால் அதன் ஓரங்கள் கறுக்கின்றன. இருட்டுக்கு முன்னால் வைத்துப் பக்கத்திலிருந்து விளக்கைக் காட்டினால் அதே ஓரங்கள் வெளுக்கின்றன. மேலிருந்து பார்க்கிறபோது வாய் வட்டம் ஒடுங்கியும் அடி வட்டம் அதைவிட விரிந்தும் தெரிகிறது. பெரும்பாலோர் மேஜை தட்டையாயிற்றே என்று அடியைத் தட்டையாகப் போட்டுவிடுகிறார்கள். தம்ளரின் நிழலைப் பாருங்கள், அதன் நடுவிலே வெளிச்சம்! கடைசியாக வைக்கிற வெள்ளைப் புள்ளிகூட முழு வெள்ளை அல்ல. எந்த விளக்கின் பிம்பமோ அந்த விளக்கின் சாயல் அதற்கு உண்டு.

இவ்வளவும் பையன் எனக்குச் சொன்னது. பன்னிரண்டாம் வகுப்பில் ஒளி விலகல் என்று படித்து மார்க்கு வாங்கியவன் நான். ஆனால் தம்ளரைப் பார்த்ததில்லை.

வர்ணமும் லேசில் அடங்கவில்லை. எண்ணெய் வர்ணம், அதாவது ஆளிவிதை எண்ணெயில் குழைத்தது, காய நாட்கள் ஆகும். ஓரங்களை நிதானமாக இழைத்துக் கொள்ளலாம். அதற்கு அவனிடம் காசு இல்லை. அக்ரிலிக் மலிவு. நம் வெயிலில் அது நிமிஷத்தில் காய்ந்து போகிறது. காய்ந்ததும் நிறம் ஒரு மாற்று கறுக்கிறது. ஆகவே தண்ணீராய்க் கரைத்து, படலத்தின் மேல் படலமாகப் போட்டிருக்கிறான். அந்த நாற்பது இரவின் கணக்கு இதுதான்.

இதைத்தான் கைபேசி ஒரு விநாடியில் செய்கிறதாம். கைபேசி செய்வது வாஸ்தவம். ஆனால் பார்ப்பது யார்? காமிராவை உலகத்துக்கு அறிவித்தது 1839-ல். கூலி போய்விடும் என்று அப்போது சித்திரக்காரர்கள் பயந்தார்கள். அதில் நியாயம் உண்டு. கண்ணே போய்விடும் என்று யாரும் பயப்படவில்லை.

ஸ்பெயின் தேசத்து வெலாஸ்கஸ், சேவில் நகரத்தில் தண்ணீர் விற்கும் ஒரு கிழவரை 1620-ஐ ஒட்டி எழுதினார். அப்போது அவருக்கு வயது இருபது சுமார். கிழவர் நீட்டும் கண்ணாடிக் கோப்பையின் அடியில் ஓர் அத்திப்பழம் கிடக்கிறது. பழம் தண்ணீருக்குள் இருக்கிறது, தண்ணீர் கண்ணாடிக்குள் இருக்கிறது என்பதை அந்த இளைஞர் நம்மை நம்ப வைத்துவிடுகிறார். அந்தக் கோப்பையின் முன்னால் நின்று எந்தப் பிரமுகர் கைபேசியைத் தூக்கிக் காட்டுவார்?

அவ்வளவு தூரம் போவானேன்? ரவிவர்மா திருவனந்தபுரம் அரண்மனையில் எண்ணெய் வர்ணம் கற்க ஆசைப்பட்டபோது, அங்கே இருந்த மதுரை ராமஸ்வாமி நாயுடு சொல்லித்தர மறுத்தார் என்றும், நாயுடுவின் உதவியாளர் ஆறுமுகம் பிள்ளை ராத்திரியில் ரகசியமாக வந்து சொல்லிக்கொடுத்தார் என்றும் வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1868-ல் வந்த தியோடர் ஜென்சன் என்ற வெள்ளைக்காரர் பார்த்துக்கொண்டிருக்க மட்டும் அனுமதித்தாராம். அந்தக் காலத்தில் வித்தையைப் பூட்டி வைத்தார்கள். இந்தக் காலத்தில் வித்தையே தேவையில்லை என்கிறார்கள். பூட்டு எவ்வளவோ மேல்; ஆறுமுகம் பிள்ளை ஒருவர் திறக்க வந்தார்.

எங்களுக்கு எட்டிய தூரத்தில், கோவில்பட்டியில், கொண்டைய ராஜு 1976-ல் காலமாகும் வரை சீடர்களைக் கூட வைத்துக்கொண்டு படம் எழுதினார். அவருடைய சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி வீட்டுக்கு வீடு தொங்கின. அதைக் 'காலண்டர்' என்று ஒதுக்கியவர்களும் இதே பிரமுகரின் மூதாதைகள்தான். 2021-ல் கொரோனாவுக்குப் பலியான எஸ். இளையராஜாவையும் 'போட்டோ மாதிரி' என்றே ஒரு சொல்லில் தள்ளினார்கள். அவர் எழுதிய பெண்களின் மேல் கதவு வழியாக விழுகிற வெளிச்சம் எந்தப் போட்டோவில் விழுந்தது?

தத்ரூபம்தான் கலையின் உச்சி என்பது என் கட்சி அல்ல. உருவத்தை உடைத்தவர்கள்மேல் எனக்கு மதிப்பு உண்டு. 1966-ல் சோழமண்டலத்தை நிறுவிய கே.சி.எஸ். பணிக்கரும் ஆரம்பத்தில் நீர்வர்ணத்தில் வாய்க்காலையும் தென்னையையும் பார்த்துப் பார்த்து எழுதியவரே. பார்த்தவர் உடைத்தார். பார்க்காதவன் எதை உடைப்பது?

அரசாங்கக் கவின் கலைக் கல்லூரி சென்னையிலும் கும்பகோணத்திலும் இருக்கிறது. மிஷின் ஓட்டிக் குடும்பம் நடத்துகிறவனுக்கு இரண்டும் தூரம். அவனுக்குக் கல்லூரி அந்த ஒரு தம்ளர்தான். அதைத்தான் நாங்கள் மேடையில் இருந்துகொண்டு சிரித்து மூடினோம்.

போன வாரம் பழைய கடையில் ஒரு கோலி சோடா பாட்டில் வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அந்தத் தம்ளர் மிஷின் பக்கத்தில் இருந்தது, நிறையப் பித்தான்கள். பாட்டிலை அதன் அருகில் வைத்தேன். என்ன சொல்வதென்று தெரியாமல், "அன்றைக்கு நானும் சிரித்தேன் தம்பி" என்றேன்.

"பார்த்தேன் அண்ணாச்சி" என்றான். மிஷினை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தலையைத் தூக்காமலே, "பச்சை எல்லாம் ஓரத்துலதான் இருக்கு, நடுவுல இல்லை" என்றான்.