எஸ்யூவிக்கு மாற்று டயர்: தேர்வு தொடங்க வேண்டிய இடம்

எஸ்யூவிக்கு மாற்று டயர் தேர்வு செய்வதில் கடைக்காரரை அதிகம் குழப்புவது கலப்பு ஓட்டம். கோவையில் நிற்கும் வண்டி ஒன்று வாரநாட்களில் அவிநாசி சாலை நெரிசலில் ஓடுகிறது. மாதத்தில் சில நாள் சேலம் வழியாகச் சென்னைக்குப் போகிறது. இடையிடையே ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறைக்கும், அங்கிருந்து எஸ்டேட்டுக்குள் ஜல்லி பெயர்ந்த பாதைக்கும் போகிறது. இப்படிப்பட்ட வண்டிக்கு எந்த டயர் என்று கேட்டால் பெரும்பாலான கடைகளில் வரும் பதில் ஏ.டி. (ஆல் டெரெய்ன்) டயர் என்பதுதான். எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஆகும், அதனால் நடுவில் நிற்கும் டயர் நல்லது என்ற கணக்கு அது.

அந்தக் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. மேற்சொன்ன வண்டியின் ஓட்டத்தில் மிகப் பெரும்பகுதி தார்ச் சாலை. எஸ்டேட் பாதையில் அது ஊர்ந்துதான் போகும். அங்கே டயர் கைவிட்டால் ஸ்டெப்னி மாட்டும் நேரம் வீணாகும், ஒரு டயரின் விலை போகும். நனைந்த தாரில் 90 கி.மீ. வேகத்தில் கைவிட்டால் இழப்பு உயிரில் வந்து நிற்கும். எனவே வண்டி சந்திக்கும் மிகக் கரடான பாதையை வைத்து டயரைத் தேர்வு செய்வது தலைகீழ் வேலை. மிக ஈரமான தாரும், வண்டி முழுச் சுமையோடு இறங்கும் மலைச் சாலையும் என்ன கேட்கின்றன என்று முதலில் பார்த்துவிட்டு, மண்ணுக்கும் கல்லுக்கும் வேண்டியதை அதன்மேல் சேர்ப்பதே முறை.

எச்.டி., ஏ.டி., எம்.டி. என்ற பெயர்களுக்குச் சட்டத்திலோ தரநிர்ணயத்திலோ வரையறை கிடையாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஹைவே டெரெய்ன், ஆல் டெரெய்ன், மட் டெரெய்ன் என்பவை விற்பனைப் பிரிவுகள். ஒரு நிறுவனத்தின் ஏ.டி., இன்னொரு நிறுவனத்தின் எச்.டி.யை ஒட்டி இருக்கலாம், வேறொன்று எம்.டி.க்குப் பக்கத்தில் போய் நிற்கலாம். சைடுவாலில் உள்ள பெயரைவிட டிரெட்டை, அதாவது பட்டனைப் பார்த்தால் உண்மை தெரியும். நீளவாக்கில் ஓடும் பள்ளங்கள் தொடர்ச்சியாக இருக்கின்றனவா, பட்டன் கட்டைகளில் மெல்லிய கீறல்கள் உண்டா, கட்டைகளுக்கிடையே எவ்வளவு இடைவெளி என்ற மூன்றும்தான் அந்த டயர் எங்கே உழைக்கும் என்பதைச் சொல்கின்றன. இடைவெளி கூடக் கூடச் சேறு தன்னைத் தானே உதறும், கல்லில் விளிம்புகள் கவ்வும். அதே அளவுக்குத் தாரைத் தொடும் ரப்பர் குறையும், இரைச்சல் ஏறும். எம்.டி. டயரில் இந்த இழப்பு மிக அதிகம் என்பதால் கலப்பு ஓட்டத்துக்கு அதைப் பரிந்துரைக்கவே வேண்டியதில்லை. தோற்றத்துக்காகக் கேட்பவரிடம் இதை விளக்கிவிட்டு விற்பது கடையின் கடமை.

ஈரம் என்பதும் ஒரே விஷயமல்ல. நெடுஞ்சாலையில் தேங்கிய நீரின் மேல் டயர் மிதப்பது ஒன்று. மலைச் சாலையில் மெல்லிய நீர்ப்படலத்தின் மேல் ரப்பர் வழுக்குவது வேறொன்று. முதலாவதற்கு மருந்து பள்ளமும் காற்றும். 1960களில் நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் வால்ட்டர் ஹோர்னும் அவருடைய சகாக்களும் விமான டயர்களை வைத்துக் கண்ட தொடர்பு இன்றும் பயன்படுகிறது: டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அந்தச் சூத்திரப்படி 33 பி.எஸ்.ஐ. காற்றுள்ள டயர் ஏறக்குறைய 96 கி.மீ. வேகத்தில் மிதக்கும், 25 பி.எஸ்.ஐ. ஆனால் 83 கி.மீ.யிலேயே மிதந்துவிடும். பட்டனின் ஆழத்தைவிட நீர் ஆழமாக இருக்கும்போது பொருந்தும் கணக்கு இது. ஆழமான பட்டன் நீரை வெளியேற்றும்வரை இந்த எல்லை தள்ளிப்போகும். காற்றுக் குறைவும் பட்டன் தேய்வும் ஒன்றுசேர்ந்தால் வடகிழக்குப் பருவமழையில் சென்னைப் பக்கம் சாதாரண வேகமே ஆபத்தான வேகம்.

சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்ச பட்டன் ஆழம் 1.6 மி.மீ. பள்ளத்துக்குள் இருக்கும் தேய்வுக் குறி அந்த அளவில்தான் வைக்கப்பட்டிருக்கிறது. குறி தெரியும்வரை காத்திருக்கச் சொல்வது சட்டப்படி சரி, மழைக்காலத்துக்குச் சரியில்லை. ஆழம் 3 மி.மீ.க்கு வந்ததுமே, அதுவும் ஆகஸ்ட், செப்டம்பரில் வந்தால், மாற்றச் சொல்வது நல்ல ஆலோசனை. விற்பனைக்காகச் சொல்வதாக வாடிக்கையாளர் நினைத்தால் ஆழமானியைப் பள்ளத்தில் வைத்து அவர் கண்ணெதிரே காட்டலாம்.

மலைச் சாலையில் கதை வேறு. கொண்டை ஊசி வளைவில் வேகம் 30 கி.மீ.கூட இருக்காது, டயர் மிதக்கும் பேச்சே இல்லை. அங்கே தாங்குவது ரப்பர் கலவை. சிலிக்கா சேர்ந்த கலவை ஈரத் தாரில் நன்றாகப் பிடிக்கும். கல்லில் பட்டன் பெயராமலிருக்கவென்று உருவாக்கிய கரடான கலவை அந்தப் பிடிப்பில் பொதுவாகப் பின்தங்கும். தேய்மானம், ஈரப் பிடிப்பு, உருளும் தடை ஆகிய மூன்றில் ஒன்றை உயர்த்தினால் மற்றொன்று இறங்குவது டயர் தயாரிப்பின் பழைய சிக்கல். "80,000 கிலோமீட்டர் ஓடும்" என்ற பெருமைக்குப் பின்னால் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டும்.

இந்தியாவில் ஈரப் பிடிப்பு, உருளும் தடை, உருளும் ஒலி ஆகியவற்றுக்கு ஏ.ஐ.எஸ்.-142 என்ற தரநிலை வந்திருக்கிறது. தேறியதா இல்லையா என்பதை அது சொல்லும். தேறியவற்றுள் எது மேல் என்பதைச் சொல்லாது. ஐரோப்பிய லேபிளில் ஈரப் பிடிப்புக்கு ஏ முதல் இ வரை தரவரிசை உண்டு. அதைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதே பெயரில் இங்கே தயாராகும் டயரின் கலவையும் அதுவேதான் என்று வைத்துக்கொள்ளக் கூடாது. எம்+எஸ் என்ற எழுத்தைக் காட்டி மழைக்கு நல்லது என்று விற்பதும் நடக்கிறது. சேற்றையும் பனியையும் குறிக்கும் அந்த எழுத்தைப் பட்டன் அமைப்பை வைத்துத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்கிறார். ஈரத் தாரைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

அப்படியானால் ஏ.டி. யாருக்கு? எஸ்டேட் மேலாளர், குவாரிக்குப் போய்வரும் ஒப்பந்தக்காரர், வனத்துறைப் பாதையில் தினமும் போகும் வண்டி. இவர்களுக்கு ஏ.டி.யைத் தவிர்க்கச் சொன்னால் அதுவும் தவறான ஆலோசனைதான். கூரான ஜல்லியில் டயர் சாவது பெரும்பாலும் சைடுவாலில். பட்டன் பகுதியில் 6 மி.மீ. வரையிலான துளையை உள்ளிருந்து காளான் பேட்ச் வைத்து மூடலாம். சைடுவால் கிழிந்தால் டயர் குப்பைக்குத்தான். எத்தனை பிளை என்பது சைடுவாலிலேயே அச்சாகியிருக்கும். இரண்டு பாலியெஸ்டர் பிளைக்குப் பதில் மூன்று இருந்தால் வெட்டுக்கு எதிரான பலம் கூடும், எடையும் கூடும். ஏ.டி. எடுப்பவரிடம் இரைச்சலும் டீசல் செலவும் சற்று ஏறும் என்பதை முன்பே சொல்லிவிட்டால் பிறகு வரும் புகார்களில் பாதி வராது. கரிசல் மண் நனைந்தால் ஏ.டி. பட்டனும் அடைத்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

அளவு விஷயத்தில்தான் கடைகள் அதிகம் சறுக்குகின்றன. ஸ்கார்பியோவில் பழக்கமான 235/65 ஆர்17 டயரின் விட்டம் 737 மி.மீ. அதற்கு 255/65 ஆர்17 போட்டால் விட்டம் 763 ஆகிறது, அதாவது மூன்றரை சதவீதம் கூடுதல். 265/65 ஆர்17 ஆனால் 776, ஐந்து சதவீதத்துக்கும் மேல். ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விளைவு. மலைக்குப் போகும் வண்டிக்கு அதைவிட முக்கியமானது வேறு: டயரின் ஆரம் கூடிய அதே விகிதத்தில், தரையில் விழும் பிரேக் விசையும், கியரில் இறங்கும்போது எஞ்சின் தரும் தடுப்பும் குறையும். டயர் அகலமாவதால் தேங்கிய நீரில் மிதப்பதும் சீக்கிரம் நடக்கும். சேற்றுக்கென்று பெரிதாக்கிய டயர் ஈரத் தாரிலும் இறக்கத்திலும் வண்டியைப் பலவீனமாக்கிவிடுகிறது. ரிம்மும் ஒத்துழைக்க வேண்டும்; 235/65 ஆர்17 டயர் 6.5 முதல் 8.5 அங்குல அகல ரிம்முக்கு, 265/65 ஆர்17 டயரோ 7.5 அங்குலத்துக்குக் குறையாத ரிம்முக்கு.

அளவை மாற்றியே ஆக வேண்டும் என்றால் அதே மாடலின் இன்னொரு வேரியன்ட்டுக்குத் தொழிற்சாலை பொருத்தும் அளவுக்குள் நிற்பதே பாதுகாப்பு. ஃபார்ச்சூனரில் வரும் 265/65 ஆர்17, 265/60 ஆர்18 இரண்டின் விட்டமும் ஒரு மி.மீ. வித்தியாசத்தில் ஒத்துப்போவதைக் கவனிக்கலாம். கல் பாதைக்குப் போகும் வண்டிக்கு இவ்விரண்டில் 17 அங்குலமே மேல், சைடுவால் உயரம் கூடுதல் என்பதால். ஷோரூமில் 18 அங்குல அலாய் அழகாகத் தெரியும். பள்ளத்தில் விழுந்து விளிம்பு வளைவதும் அதுதான்.

லோடு இண்டெக்ஸில் இறங்கவே கூடாது. 104 என்றால் ஒரு டயருக்கு 900 கிலோ, 100 என்றால் 800. ஏழு பேரும் மேலே லக்கேஜும் ஏறும் வண்டியில் இந்த வித்தியாசம் பெரியது. வேகக் குறியிலும் கவனம் வேண்டும்: எச் 210 கி.மீ., எஸ் 180, க்யூ 160. ஏ.டி. டயர்கள் பலவற்றில் எஸ் அல்லது அதற்கும் கீழே இருக்கும். வண்டித் தயாரிப்பாளர் குறிப்பிட்ட குறிக்குக் கீழே போவதை வாடிக்கையாளருக்குத் தெரியாமல் செய்யக் கூடாது.

எல்.டி. (லைட் டிரக்) எழுத்தோடு வரும் டயர்கள் தனி வகை. எல்.டி. 265/70 ஆர்17 அளவில் 121 என்ற லோடு இண்டெக்ஸ் கண்ணைக் கவரும், 1,450 கிலோ. ஆனால் அந்தச் சுமை 80 பி.எஸ்.ஐ. காற்றில்தான். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி 33 பி.எஸ்.ஐ. அடித்தால் அதன் தாங்குதிறன் வெகுவாக இறங்கிவிடும். எல்.டி. பொருத்தினால் அதற்கான சுமை அட்டவணையைப் பார்த்துக் காற்றின் அளவைப் புதிதாக நிர்ணயித்து வாடிக்கையாளரிடம் எழுதிக் கொடுப்பது அவசியம். சுமையில்லாத நாளில் வண்டி குதிக்கும் என்பதையும் அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

இரண்டு டயர் மட்டும் மாற்றினால் புதியவை பின்னால். முன்சக்கர இழுவை வண்டியானாலும் அப்படித்தான். முன்டயர் வழுக்கினால் வண்டி நேரே போகும், ஓட்டுநர் காலை எடுத்துச் சமாளிக்கலாம். பின்டயர் வழுக்கினால் வண்டி சுழலும். எப்போதும் நான்கு சக்கரமும் இணைந்திருக்கும் வண்டிகளிலும், தேவைக்கேற்ப கிளட்ச் வழியாகப் பின்னச்சுக்கு இழுவை தரும் வண்டிகளிலும் நான்கையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. முன்னும் பின்னும் விட்டம் வேறுபட்டால் அந்தக் கிளட்ச் ஓயாமல் வழுக்கிச் சூடேறும். மஹிந்திரா தார், ஃபார்ச்சூனர் போன்ற பார்ட்-டைம் ஃபோர்-வீல் வண்டிகளில் இரண்டிரண்டாக மாற்றலாம், ஒரே அளவு, ஒரே மாடல் என்ற நிபந்தனையோடு. ஏ.டி.யும் எச்.டி.யும் ஆளுக்கொரு அச்சில் இருப்பது எந்த வண்டியிலும் கூடாது. ஸ்டெப்னியையும் சுழற்சியில் சேர்த்து 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை ஐந்து டயரையும் மாற்றிப் போட்டால் அடுத்த தடவை ஐந்தும் ஒன்றாகத் தேய்ந்து வரும்.

தயாரிப்புத் தேதி சைடுவாலின் நான்கு இலக்கத்தில் இருக்கிறது: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். வெயில் படாமல் வைத்திருந்த ஒரு வருடப் பழைய டயரைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. பொருத்தி ஐந்து ஆண்டு ஆன டயரை ஆண்டுதோறும் கழற்றிச் சோதிக்க வேண்டும், பட்டன் எவ்வளவு இருந்தாலும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத இறக்குமதி டயரைக் கடைக்குள்ளேயே விடக் கூடாது. காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது சரிபார்க்க வேண்டும். நெடுஞ்சாலையில் ஓடி வந்த சூட்டில் 37, 38 காட்டுகிறது என்று இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் அதே டயர் காற்றுக் குறைந்த டயர். அலாய் ரிம் மாட்டிய வண்டியை 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு மீண்டும் வரச்சொல்லி, டார்க் ரெஞ்ச் வைத்து நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்த்த பின்பே வேலை முடிந்ததாகக் கணக்கு.