கொல்லையில் வந்து உட்கார்ந்திருப்பது யார்?

மழை விட்டு நாலு நாள் ஆயிற்றா? கொல்லைப்புறத்தை ஒரு தரம் எட்டிப் பாருங்கள். கொல்லை இல்லாத வீடானால் மொட்டை மாடித் தொட்டி, குழாயடி, சிமெண்டு விண்டுபோன மூலை, இவை போதும். நீங்கள் விதைக்காத நாலைந்து பேர் வெகு சுவாதீனமாக வந்து உட்கார்ந்திருப்பார்கள். "எல்லாக் குப்பையையும் பிடுங்கிப் போடு" என்று உத்தரவு போடுவதற்கு முன்னால், வந்திருப்பவர் யார் என்று விசாரித்துக் கொள்ளலாமே! அதைவிட முக்கியம், விசாரிக்காமல் யாரையும் சமையலறைக்குள் அழைத்துவிடக் கூடாது.

பாட்டிமார்களுக்கு இது பள்ளிக்கூடம் போகாமலே வந்த பாடம். நமக்குக் கைப்பேசி இருக்கிறது; படம் பிடித்துக் காட்டினால் பெயர் சொல்லிவிடுகிறது. சொல்லட்டும். ஆனால் அநேகமாக நாம் மேலிருந்து ஒரு படம் பிடித்துவிட்டு நிமிர்ந்து விடுகிறோம். செடியின் சூட்சுமமோ இலைக்கு அடியிலும், கணுவிலும், ஒடித்த காம்பிலும் இருக்கிறது. குனியத்தான் வேண்டும்.

கீழாநெல்லியையே பாருங்கள். புளியிலை மாதிரி அடுக்கடுக்காகச் சின்ன இலைகள். அந்தச் சாயலில் இன்னும் பல பூண்டுகள் உண்டு. கிளையை மெதுவாகப் புரட்டுங்கள். அடியில் கடுகைவிடச் சற்றுப் பெரிய பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்குகின்றனவா? காய் கீழே இருப்பதால்தான் அந்தப் பெயரே வந்தது. இதற்கு ஒரு தங்கையும் உண்டு. அவளுக்கும் காய் கீழேதான். ஆனால் தண்டு சிவந்து, காய் சொரசொரப்பாக இருக்கும்.

மஞ்சட்காமாலைக்குக் கீழாநெல்லி என்பது நமக்கெல்லாம் தெரியும். 1988-ல் சென்னையில் நடந்த ஒரு பரிசோதனையின் முடிவு 'லான்செட்' என்ற மருத்துவப் பத்திரிகையில் வெளியாயிற்று. ஹெபடைடிஸ்-பி கிருமியைச் சுமந்திருந்த 37 பேருக்கு இந்தப் பூண்டைக் கொடுத்ததில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்ததாம். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை. ஆகவே, கண் மஞ்சளாகத் தெரிந்தால் முதலில் டாக்டர். கொல்லைப்பக்கம் பிறகு போகலாம்.

அடுத்தது கீரைச் சமாசாரம். தரையோடு தரையாகப் படர்ந்து, சிவந்த தண்டும் கொழுத்த இலையுமாக ஒன்று இருக்கும். பருப்புக்கீரை. காலை வெயிலில் சின்ன மஞ்சள் பூ மலரும். வெகு ருசி, சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மாத்திரம் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இதன் பக்கத்திலேயே கிட்டத்தட்ட இதே முகத்துடன் சாரணை படர்ந்திருக்கும். அதன் பூ இளஞ்சிவப்பாகவோ வெள்ளையாகவோ இலைக்கக்கத்தில் ஒளிந்திருக்கும். ஜோடி இலைகளில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. மூன்றாவதாகச் சின்ன அம்மான் பச்சரிசி. கிள்ளிப் பார்த்தால் பால் வருகிறதா? உடனே கையைக் கழுவிவிடுங்கள். அந்தப் பால் கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது. பருப்புக்கீரையைக் கிள்ளினால் தண்ணீர்போன்ற சாறுதான் வரும், பால் வராது.

பொன்னாங்கண்ணி விஷயத்தில் ஒரு தேசமே ஏமாந்த கதை உண்டு. இலங்கையில் பொன்னாங்காணி இல்லாத சாப்பாடு கிடையாது என்றே சொல்லலாம். ஆஸ்திரேலியாவில் குடியேறிய இலங்கைக் குடும்பங்களுக்கும் அந்த ஆசை விடுமா? கொல்லையில் ஒரு கொத்து நட்டு, அண்டை அயலாருக்கும் கிள்ளிக் கொடுத்தார்கள். 1990-களில் அதிகாரிகள் பார்த்தபோது, பல வீடுகளில் வளர்ந்திருந்தது பொன்னாங்காணியே அல்ல. தென்னமெரிக்காவிலிருந்து புறப்பட்டு, உலகமெங்கும் ஆற்றையும் குளத்தையும் அடைத்துக் கொண்டிருக்கும் அதன் உறவுக்களை! ஒரு துண்டுத் தண்டு தண்ணீரில் விழுந்தால் போதும், வாய்க்காலே அதன் வசமாகிவிடும். அந்தப் பெண்கள் என்ன செய்வார்கள், பாவம்! இலை அச்சாக அதே இலை. வித்தியாசம் பூவில் இருக்கிறது. பொன்னாங்கண்ணியின் வெள்ளைப் பூங்கொத்து காம்பில்லாமல் கணுவோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்நியச் செடியின் பூவோ நீளக் காம்பின் நுனியில் பொத்தான்போலத் தனியாக நிற்கும். அதிகாரிகள் வெறுமனே பிடுங்கிக்கொண்டு போய்விடவில்லை. அந்த நாட்டிலேயே வளரும் வேறொரு பொன்னாங்கண்ணி இனத்தைப் பதிலுக்குக் கொடுத்தார்கள். கீரையைப் பறித்துக்கொண்டு வெறுங்கையோடு அனுப்பினால் எந்தக் குடும்பத் தலைவி சும்மா இருப்பாள்?

தயவு தாட்சண்யமில்லாமல் பிடுங்க வேண்டியது பார்த்தீனியம். காரட் இலை மாதிரி வெட்டுவெட்டான இலை. நட்சத்திரம் இறைத்தாற்போல வெள்ளைப் பூ. 1955-56 வாக்கில் புனாவில் முதலில் கவனத்துக்கு வந்தது, இன்று தேசமெங்கும் இருக்கிறது. பார்க்க அழகாயிருக்கிறதே என்று பூச்செண்டில் செருகியவர்கள்கூட உண்டு. தோல் அரிப்பும் மூச்சுத் திணறலும் கொடுக்கும் செடி அது. பூ விடுவதற்கு முன்பே, கையில் உறை மாட்டிக்கொண்டு, வேரோடு எடுங்கள்.

குழந்தைகள் உள்ள வீட்டில் இன்னும் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். வேலியோரக் காட்டாமணக்கு விதை வேர்க்கடலைபோல ருசிக்குமாம். இரண்டு மூன்று தின்றாலே வாந்தியும் பேதியும் ஆரம்பித்துவிடும். ஊமத்தையின் முட்காயைப் பந்தென்று எடுத்து விளையாடுவார்கள். நம் மாநில மலரான செங்காந்தள் இருக்கிறதே, இலை நுனி சுருண்டு கொடியைப் பற்றிக்கொள்ளும், பூ தீப்போல எரியும்; அதன் கிழங்கோ கொடிய விஷம். சர்க்கரைவள்ளி என்று எண்ணி அதை வேகவைத்துத் தின்று உயிரை விட்டவர்கள் உண்டு. வேகவைத்தாலும் விஷம் போவதில்லை. குழந்தை எதையாவது வாயில் போட்டுக்கொண்டதாகச் சந்தேகம் வந்தால், கைவைத்தியம் பார்த்துப் பொழுதைப் போக்காதீர்கள். அந்தச் செடியையும் ஒரு கிளை ஒடித்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். டாக்டருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

கடைசியாகக் குப்பைமேனி. சளிக்கு இதன் சாற்றைக் குழந்தைக்குப் புகட்டும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. ரத்தத்தில் ஜி6பிடி என்ற பொருள் பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு இந்தப் பூண்டு ரத்த அணுக்களை உடைத்துவிடும் என்று இலங்கை டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். நம் குழந்தைக்கு அந்தக் குறை உண்டா இல்லையா என்று பார்த்தால் தெரியாது. ஆகவே புகட்ட வேண்டாம். அடையாளம் தெரிந்துகொள்வது மட்டும் சுலபம். ரம்பப்பல் விளிம்புள்ள இலை. கணுவிலிருந்து மேல்நோக்கி எழும் கதிரில் சின்னக் கிண்ணங்கள் அடுக்கினாற்போலப் பச்சைப் பூ. அப்படியும் சந்தேகமானால், வேரோடு பிடுங்கி முற்றத்தில் போட்டுவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். பூனைவணங்கி என்று இதற்கு இன்னொரு பெயர். எதிர்வீட்டுப் பூனை எங்கிருந்தாலும் வந்து, அதன்மேல் விழுந்து புரண்டு, பெயரை ஊர்ஜிதம் செய்துவிட்டுப் போகும்.