போகிமான்: பழைய தடையை எடைபோட்டுப் பார்ப்போம்

 

கோடை விடுமுறை வந்துவிட்டால் அய்யம்பேட்டை, ராஜகிரி, கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் என நம் டெல்டாவின் மஹல்லாக்களில், ஒரு கைப்பேசியைச் சுற்றி நான்கைந்து சிறுவர்கள் அமர்ந்திருப்பதைக் காண்கிறோம். கற்பனை விலங்குகளைப் பிடித்து, வளர்த்து, மோதவிடும் போகிமான் அவர்கள் அறிந்த ஆட்டங்களுள் ஒன்று. “இது ஹராமா, உஸ்தாத்?” என்று மக்தபில் கேட்கின்றனர். “ஆம், எப்போதோ ஃபத்வா கொடுத்துவிட்டார்கள்” என்பதோடு பெரும்பாலும் பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தத் தடை எதனால் வந்தது, அந்தக் காரணங்கள் இன்று எந்த நிலையில் உள்ளன என்று ஆராய்வது நம் கடமை.

2001ஆம் ஆண்டு சவூதி அரேபியாவின் மார்க்க அறிஞர்கள் போகிமானைத் தடுத்துத் தீர்ப்பளித்தனர். 2016 ஜூலையில் ‘போகிமான் கோ’ உலகெங்கும் பரவியபோது அதே தீர்ப்பு இணையத்தில் மீண்டும் எடுத்துக்காட்டப்பட்டது. அதில் மூன்று காரணங்கள் முதன்மையானவை. அட்டைகளைப் பணத்திற்கு மாற்றிக்கொள்வதில் சூதாட்டம் கலந்துள்ளது. அட்டைகளில் பிற சமயச் சின்னங்கள் உள்ளன. விலங்குகள் ‘பரிணாமம்’ அடைவது டார்வினின் கொள்கையைப் பிள்ளைகள் மனத்தில் பதிக்கிறது.

உஸூலுல் ஃபிக்ஹ் கற்றோர் அறிந்த விதி ஒன்று உண்டு: சட்டம் அதன் காரணத்தைச் (இல்லத்தைச்) சார்ந்தே சுழலும், காரணம் இருந்தால் சட்டம் இருக்கும், அது நீங்கினால் சட்டமும் நீங்கும். மற்றொரு விதி: ஒன்றைப் பற்றித் தீர்ப்புக் கூறுவது, அதைச் சரியாக விளங்கிக்கொண்ட பின்னரே. இவ்விரண்டையும் அளவுகோலாகக் கொள்வோம்.

முதலில் சின்னங்கள். அட்டையிலுள்ள ஆறுமுனை நட்சத்திரம், எவ்வகையையும் சாராத ஆற்றலைக் குறிக்கும் ஆட்ட அடையாளம் மட்டுமே. அக்காலத்தில் அரபு நாடுகளில், “போகிமான் என்றால் ஜப்பானிய மொழியில் ‘நான் ஒரு யூதன்’ என்று பொருள்” என்றொரு வதந்தியும் பரவியது. உண்மையில் அது ‘பாக்கெட் மான்ஸ்டர்ஸ்’ என்பதன் சுருக்கம். தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால் தெளிவாக விசாரித்துக்கொள்ளுங்கள் என்று ஸூரத்துல் ஹுஜுராத் நமக்குக் கட்டளையிட்டிருக்க, வதந்தியை ஆதாரமாகக் கொள்ளலாகாது.

அடுத்து பரிணாமம். ஆட்டத்தில் ஒரு விலங்கு நொடிப்பொழுதில் வேறு உருப்பெறுகிறது. புழு வண்ணத்துப்பூச்சியாவதற்கே இது நெருக்கமானது. பெயரில்தான் டார்வினுடன் ஒற்றுமை. கற்பனை விலங்கு என்பதும் தன்னளவில் குற்றமன்று. ஆயிஷா நாயகி (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுள் சிறகு முளைத்த குதிரையும் இருந்தது. அதுபற்றிக் கேட்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், ஸுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளைச் சுட்டி அன்னை அளித்த பதிலைக் கேட்டுச் சிரித்தார்கள் என்று அபூதாவூதில் பதிவாகியுள்ளது.

மூன்றாவது காரணம் சூதாட்டம். இங்கேதான் பழைய தீர்ப்பின் தொலைநோக்கு தெரிகிறது. 2001இல் கடையில் விற்ற அட்டைப் பொட்டலம் இன்று கைப்பேசிக்குள் வந்துவிட்டது. 2024 அக்டோபரில் வெளியான போகிமான் அட்டை ஆட்டத்தில் நாள்தோறும் சில பொட்டலங்களை இலவசமாகத் திறக்கலாம். அதற்கு மேல் வேண்டுமெனில் பணம். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாமல் விலை கொடுப்பதை நம் ஃபுகஹாக்கள் ‘ஙரர்’ என்றனர். இத்தகைய மர்மப் பெட்டிகளைப் பெல்ஜியம் 2018இல் சூதாட்டம் என்றே தீர்மானித்தது. நம் நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் இயற்றிய சட்டமும் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்து, மின்விளையாட்டுப் போட்டிகளைத் தனியே அங்கீகரித்தது.

ஆக, மறுபரிசீலனை என்பது தளர்த்துவது மட்டுமன்று. இரண்டு காரணங்கள் உதிர்ந்தன. மூன்றாவது முன்னைவிட வலுத்துள்ளது.

இந்த ஆட்டத்தில் போட்டியிடுவோரும் தமக்குள் தடைகள் விதித்துக்கொள்கின்றனர் என்பது கவனிக்கத்தக்கது. ஸ்மோகன் என்னும் ஆட்டக்காரர் குழாம், நான்காம் தலைமுறை ஆட்டத்தில் கார்சாம்ப் என்னும் விலங்கு மிகையான வலிமை கொண்டது என்று தடுத்தது. ஆறாம் தலைமுறையில் அதை எதிர்க்கும் வழிகள் பெருகிவிட, அங்கே அது அனுமதிக்கப்பட்டது. இவ்வாறு சோதித்து வாக்களிக்கும் உரிமை, போதிய அளவு ஆடித் தகுதி பெற்றோர்க்கே உண்டு. ஆனால், ஒரே அடியில் எதிரியை வீழ்த்தும் தாக்குதல்களின் மீதான தடை மட்டும் நீடிக்கிறது. திறமையைத் தள்ளிவிட்டு அதிர்ஷ்டமே வெற்றியைத் தீர்மானிக்கும் என்பதே காரணம். காரணம் மாறினால் தடையை மாற்றுவதும், மாறாதபோது காப்பதும் நம் பிள்ளைகளுக்குப் பழக்கமான நியாயமே. காரணம் சொல்லப்படாத தடையைத்தான் அவர்கள் ஏற்க மறுக்கின்றனர்.

நம் அச்சமும் இதுவே. சவூதி அரசின் முதலீட்டு நிதிக்குச் சொந்தமான ஸ்கோப்லி நிறுவனம் 2025இல் ‘போகிமான் கோ’ உள்ளிட்ட ஆட்டங்களை 350 கோடி டாலருக்கு வாங்கியது. ஓர் அரசின் முதலீடு மார்க்க ஆதாரமாகாது. ஆயினும் இச்செய்தி கைப்பேசி வைத்திருக்கும் மாணவனுக்கு எட்டாமலா போகும்? யூதச் சின்னம் என்று கேட்டதைப் பொய்யென்று அவன் கண்டறியும் நாளில், சூது பற்றிய நம் எச்சரிக்கையையும் சேர்த்தே தள்ளிவிடுவான். ‘ஹராம்’ என்னும் கனத்த சொல் அவன் செவியில் எடையிழந்துவிடும். வட்டியையும் மதுவையும் பற்றி நாளை எந்தச் சொல்லால் அவனிடம் பேசுவோம்?

நம் இமாம்கள் இத்தகைய சொற்களை அளந்தே பயன்படுத்தினர். சதுரங்கத்தை ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் நவவீ (ரஹ்) மக்ரூஹ் என்றார்கள். ஹனஃபீ மத்ஹபில் அது மக்ரூஹ் தஹ்ரீமீ. பந்தயம் சேர்ந்தாலோ தொழுகை தவறினாலோ ஹராம் என்பதில் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர். நமக்கும் இவ்வழி போதுமானது.

எனவே பெற்றோரிடம் நாம் வேண்டுவது: பிள்ளையின் கையிலுள்ள கைப்பேசியில் வங்கி அட்டை, யூபிஐ எதுவும் இணைந்திருக்க வேண்டாம். வளைகுடாவில் உழைத்து அனுப்பும் அத்தாவின் பணம் மர்மப் பொட்டலங்களில் கரையலாகாது. பாங்கு ஒலித்தால் ஆட்டம் நிற்க வேண்டும். ஓதல், பாடம், உறக்கம் மூன்றும் கெடலாகாது. ஆலிம்களிடம் வேண்டுவது: தீர்ப்புக்கு முன் மாணவனை அருகில் அமர்த்தி, ஆட்டத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

நம் பகுதி விவசாயி நடவுக்கு முன் வரப்பைச் சுற்றிப் பார்க்கிறார். எலி வளையை அடைக்கிறார், இளகிய இடத்தில் மண் அணைக்கிறார். வரப்பையே வெட்டி எறிவதில்லை, பார்க்காமலும் விடுவதில்லை. முன்னோர் விட்டுச்சென்ற தடைகளையும் நாம் அவ்வாறே பேணுவோம்.

வல்ல அல்லாஹ் நமக்கும் நம் சந்ததியினருக்கும் மார்க்கத்தில் தெளிவைத் தந்தருள்வானாக! ஆமீன். அல்லாஹ்வே மிக அறிந்தவன்.